அகலம் சொல்லாத கேள்வி

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு பேனாவைப் பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான். சிமெண்ட் பட்டுப் பட்டு விரல் நுனி தடித்துவிட்டதால் பேனா நழுவுகிறது. எந்த இடத்தில் எந்த ‘ன’ வரும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வீட்டில் ஒருத்தி முன்னாலும் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

அயனம்பாக்கம் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு பட்டறையில் நான் அன்றைக்கும் இன்றைக்கும் உறை வார்க்கிறவன். கிணற்றுக்கும் கக்கூஸ் தொட்டிக்கும் ஒன்றின் மேல் ஒன்றாக இறக்குகிற சிமெண்ட் வளையத்தைத்தான் உறை என்கிறோம். இரும்புத் தகட்டில் உள் அச்சு ஒன்று, வெளி அச்சு ஒன்று. நடுவில் கம்பியைச் சுற்றி வைத்து, கலவையைக் கொட்டி இடித்து இறுக்க வேண்டும். மறுநாள் அச்சைப் பிரிக்கலாம். அதன் பிறகு காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நனைக்காமல் விட்டால் வெயிலில் விரிசல் விட்டுவிடும்.

வாங்க வருகிறவர் நாலடி உறை என்று கேட்டால் உள்பக்கம் நாலடி என்று அர்த்தம். சுவர் கனம் இரண்டு அங்குலம். கனத்தை யாரும் கேட்க மாட்டார்கள், நாங்களும் சொல்ல மாட்டோம். அந்த வட்டாரம் முழுவதும் நாலடி அச்சு ஒரே மாதிரிதான். நாலடி என்று சொன்னால் அதற்குள் எல்லாம் வந்துவிட்டது.

என் மனைவி என் தாய்மாமன் மகள். பருத்திப்பட்டில் வயல் வேலை பார்த்துவந்த என் மாமன், வயல் போனதும் ஒரு கம்பெனியில் கேட் காவலுக்குச் சேர்ந்தார். மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார். எனக்குக் கட்டிக்கொடுக்கும்போது, “அது இன்னும் படிக்கணும்ன்னுது, நீ குறுக்க நிக்காத” என்று மட்டும் சொன்னார். நான் நிற்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டில் உட்கார்ந்தபடியே அவள் தபால் வழியில் பட்டம் வாங்கினாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை எழுதுவதற்கு இது இடமில்லை.

பட்டம் வாங்கிய பிறகு வங்கித் தேர்வு எழுத ஆரம்பித்தாள். முதல் முறை கிடைக்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. எண்பத்தொன்பதாம் வருடம் எழுதப்போவதுதான் கடைசி, அதோடு வயது வரம்பு முடிந்துவிடும் என்றாள். கலவை போட ஆள் வராத நாட்களில் அவளும் என்னோடு மண்வெட்டி பிடிப்பாள். சாயங்காலம் கையைத் தேங்காயெண்ணெயில் தேய்த்துக்கொண்டே, “ஃபேனுக்குக் கீழ நாற்காலி போட்டு ஒக்காந்து எழுதணும் மாமா. வேற ஒண்ணும் வேணாம்” என்பாள். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும்.

கணக்கில் ஒரு பகுதிதான் அவளை ஒவ்வொரு முறையும் கீழே இழுத்துவிட்டது. அதைச் சத்தமாகச் சொன்னால்தான் புரிகிறது, சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றாள். நான் மாலையில் உறைகளை நனைக்கும்போது புத்தகத்தோடு வந்து, கவிழ்த்துப் போட்ட ஒரு கலவைச் சட்டியின் மேல் உட்கார்ந்துகொள்வாள். புத்தகம் இங்கிலீஷ். எனக்காகத் தமிழாக்கிச் சொல்வாள்.

“ஒரு கேள்வி கீது. கீழ ரெண்டு தகவல் குடுத்துக்கீறான். மொத தகவல் மட்டும் போதுமா, ரெண்டாவது மட்டும் போதுமா, ரெண்டும் சேந்தா போதுமா, இல்ல ரெண்டும் சேந்தாலும் போதாதா? அத்த மட்டும் சொல்லணும்.”

“விடை?”

“விடை வேணாம் மாமா. கண்டுபுடிக்க முடியுமா முடியாதான்னு சொன்னா போதும்.”

“இன்னா மே இது? சோறு ஆக்க வேணாம், அரிசியும் தண்ணியும் கீதான்னு மட்டும் பாருன்றானா?”

“அதேதான். சோறு ஆக்கிக்கினு நின்னா நேரம் பூடும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நாலைந்து நாளில் அந்த விளையாட்டு பிடித்துப்போனது. பெரும்பாலும் வட்டக் கணக்குகளாகவே எடுத்துவருவாள். என் வேலை வட்டத்தில்தான் என்பதால் எனக்குப் புரியும் என்று நினைத்திருப்பாள். ஒரு நாள் ஒரு வட்டத்தின் படத்தைக் காட்டினாள். உள்ளே குறுக்காக ஒரு கோடு, அதன் நீளம் பக்கத்தில் எழுதியிருந்தது. சுற்றளவு சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

“முடியும். குறுக்களவுதான் கீதே.”

“அந்தக் கோடு நட்ட நடுவுல போவுதுன்னு யார் சொன்னது?”

“படத்துல அப்படித்தான கீது.”

“படத்த நம்பாத மாமா. எழுதினத மட்டும் நம்பு. எழுதல இல்ல? அப்ப போதாது.”

‘போதாது’ என்று சொல்லும்போது அவள் புத்தகத்தைப் பட்டென்று மூடுவாள். உறை ஏற்ற வருகிற லாரிக்காரன் ஒருவன், “அண்ணாத்தே, இன்னா டீச்சரம்மா கிட்ட பாடமா? முட்டி போட வெச்சிருவாங்க, பாத்துக்கோ” என்று கத்திவிட்டுப் போவான். அவள் வெட்கப்படமாட்டாள். நான்தான் குடத்தை எடுத்துக்கொண்டு உறைக்குப் பின்னால் போய்விடுவேன்.

பட்டறையில் பழைய மூன்றடி அச்சு ஒன்று இருந்தது. மேலே வண்டி ஏறினாலும் தாங்க வேண்டும் என்று யாரோ சொல்லிச் செய்ததால், அதற்கு மட்டும் சுவர் கனம் அதிகம். உயரம் நாலடி அச்சின் உயரமேதான். அந்த மூன்றடிக்கும் புது நாலடிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு கலவை பிடித்தது. முதலாளிக்கு அது பொறுக்காது. “சின்னதுக்கும் பெருசுக்கும் ஒரே கலவையா? மிச்சத்த துன்ட்டியாடா?” என்பார். கனம் கூட என்று சொல்லிப் பார்த்தேன். “அரை அங்குலத்துக்கு இவ்ளோ போவுமா? யார் காதுல பூ சுத்தற?” என்றார். எனக்கும் விளங்கவில்லைதான்.

அதை ஒரு நாள் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு உறைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேலி ஓரம் கிடந்த மூங்கில் குச்சியை எடுத்துவந்து நாலடி உறையின் மேல் விளிம்பில் படுக்க வைத்தாள். குச்சி முழுவதும் சிமெண்டின் மேலேயே கிடக்க வேண்டும். நடுப்பகுதி உள்வட்டத்தைத் தொட வேண்டும், ஆனால் உள்ளே நீட்டக் கூடாது. இரண்டு முனையும் வெளிவட்டத்தில் போய் முடிய வேண்டும். அப்படி வைத்து, நீட்டிக்கொண்டிருந்ததை ஒடித்துப்போட்டாள். அதே குச்சியைக் கொண்டுபோய் மூன்றடி உறையின் மேல் அதே மாதிரி வைத்தாள். இரண்டு முனையும் ஏறக்குறைய வெளி விளிம்பிலேயே போய் நின்றன.

“பாத்தியா மாமா? இந்தக் குச்சி நீளம் தெரிஞ்சா போதும். உள்ள எத்தினி அடி, வெளிய எத்தினி அடி, ஒண்ணும் வேணாம். குச்சி ஒரே அளவா கீதா, சிமெண்டும் ஒரே அளவுதான்.”

ஏன் என்று கேட்டேன். மண்ணில் கோடு போட்டுச் சொன்னாள். நடுப்புள்ளியிலிருந்து குச்சி தொடுகிற இடத்துக்கு ஒரு கோடு, குச்சியின் முனைக்கு ஒரு கோடு, பாதிக் குச்சி ஒரு கோடு. மூன்றும் சேர்ந்து மூலைமட்டம் மாதிரி ஒரு முக்கோணம் ஆனது. வர்க்கம் என்று என்னவோ சொன்னாள், அது எனக்கு ஏறவில்லை. ஆனால் என்னோடு ஒரு வருடமாக இருந்த சந்தேகத்தை ஒரு குச்சியால் தீர்த்துவிட்டாள் என்பது புரிந்தது. “எங்க மாமன் கலவைய துன்னலடா!” என்று முதலாளி வீடு இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தம் போட்டாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். ஈரமான கையோடு நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருடம் அவளோடு சேர்ந்து படிக்க ஒரு பெண் வருவாள். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தவள், திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். அவளுடைய அப்பா பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் வேலை. என் மனைவியைவிட நாலைந்து வயது சின்னவள், அக்கா அக்கா என்று அழைப்பாள். எதையும் அவசரப்படாமல் செய்வாள். ஒரு கேள்வி பிடிபடவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். என் மனைவிக்கு அது வராது. பிடித்ததை விடமாட்டாள்.

தேர்வு அன்று அம்பத்தூரிலிருந்து இருவரும் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போனார்கள். சாயங்காலம் நான் ஸ்டேஷனில் போய்க் காத்திருந்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து என் மனைவி கையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

“மாமா, நம்ம உறை வந்துச்சு! கேள்வியில நம்ம உறையே வந்துச்சு!”

படியேறும்போதே சொன்னாள். ஒரு வட்டக் கிணற்றுக்குச் சிமெண்ட் விளிம்பு கட்டியிருக்கிறது. அந்த விளிம்பின் மேல்பரப்பு எவ்வளவு? முதல் தகவல், கிணற்றின் உள்விட்டம் ஒன்று புள்ளி இரண்டு மீட்டர். இரண்டாம் தகவல், விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே அகலம்.

“ஒண்ணு புள்ளி ரெண்டுன்னா இன்னா? நம்ம நாலடி மாமா! படிச்ச ஒடனே போட்டுட்டேன். மொத தகவல் மட்டும் போதும்.”

“போதுமே” என்றேன் நானும். நாலடி உறையின் விளிம்பு தினமும் என் கையில் படுவது. அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? குவார்ட்டர்ஸ் பெண் பின்னால் கும்பலில் வந்துகொண்டிருந்ததால் எங்கள் பேச்சு அவள் காதில் விழவில்லை. அன்று வழியில் கடையில் ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்தோம். என் மனைவி பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்து, “அடுத்த ஆள் வாங்க” என்று என்னை அழைத்தாள். கடைக்காரர் பார்த்துவிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். நான் அச்சுப் பிரித்துக்கொண்டிருந்தேன். இருவரும் வாசலில் உட்கார்ந்து என்னென்ன எழுதினோம் என்று பேசிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. உறைக் கேள்வி வந்ததும் என் மனைவியின் குரல் உயர்ந்தது.

“அது இன்னாத்துக்குக் கஷ்டம்? மொத தகவலே போதும்னு போட்டுட்டேன்.”

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, அந்த விளிம்பு எவ்வளவு அகலம்?”

“ரெண்டு அங்குலம்.”

“அது கேள்வியில எங்கன இருந்துச்சு?”

என் மனைவி கையை நீட்டினாள். வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருந்த உறைகளைத்தான் காட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

என் கையில் பாதி பிரித்த அச்சு இருந்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒரே அகலம் என்று போட்டிருந்தானே தவிர எவ்வளவு அகலம் என்று போடவில்லை. அந்தக் கிணறு எந்த ஊரில் இருக்கிறதோ, அங்கே விளிம்பை ஓர் அடிக்குக்கூடக் கட்டுவார்களோ என்னவோ. இரண்டு தகவலும் சேர்ந்தாலும் போதாது என்பதுதான் சரி. அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். யாரோ ஒருவருடைய கிணறாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள்.

“நீ இன்னா போட்ட?” என்று கேட்டாள்.

“ஞாபகம் இல்லக்கா” என்றாள் அந்தப் பெண். “ஒரு கேள்விதானே. போனா போவுது. தப்புக்குக் கொஞ்சம் மார்க் பிடிப்பான், அம்புட்டுதான்.”

“ஆமா, ஒரு கேள்விதான்” என்று சொல்லிவிட்டு என் மனைவி டீ போட உள்ளே போனாள்.

முடிவு வந்தபோது பேப்பரில் நம்பர்கள் மட்டும் போட்டிருந்தார்கள். குவார்ட்டர்ஸ் பெண்ணின் நம்பர் இருந்தது. என் மனைவியுடையது இல்லை. எத்தனை மார்க்கில் போனது என்று அந்தக் காலத்தில் சொல்லமாட்டார்கள். ஒன்றில் போனதா, முப்பதில் போனதா, யாருக்கும் தெரியாது. நான் அதைத்தான் ஆறுதலாகச் சொல்லப் பார்த்தேன்.

“அந்த ஒண்ணாலதான் போச்சுன்னு யார் சொன்னது மே? வேற எதுனா கூட இருக்கும்.”

“யாரும் சொல்லல.” அரிசியைக் களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. “ஆனா எனக்குத் தெரியும் மாமா.”

அந்தப் பெண் வேலைக்கு வெளியூர் போய்ச் சேர்ந்தாள். போகும் முன் இனிப்போடு வந்தாள். என் மனைவி அவளுக்குப் பூ வைத்து அனுப்பினாள். புத்தகங்களைப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அழவில்லை. சண்டை போடவில்லை. ஆனால் மாலையில் நான் நனைக்கப் போகும்போது பின்னால் வருவது நின்றுவிட்டது. நானாகப் போய், ஒரு வட்டத்தைப் பற்றிச் சொல்லேன் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாளா என்பதும் தெரியாது. சாப்பாடு, தண்ணீர், கரண்ட், யார் வீட்டு விசேஷம், இவ்வளவுதான் பேச்சு என்றாகிவிட்டது. பட்டறையிலே வட்டம் வட்டமாக நிற்கிற உறைகளின் பக்கம்கூட அவள் வருவதில்லை. துணி காயப்போட வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு போவாள்.

பிறகு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்டுகிற வேலை. நின்றுகொண்டே செய்ய வேண்டும்.

மூன்று நான்கு வருடம் கழித்து அம்பத்தூரில் ஒரு வங்கியில் அவள் பேரில் கணக்கு ஆரம்பிக்கலாம் என்று இருவரும் போனோம். உள்ளே போனதும் ஒரு மேசைக்குப் பின்னாலிருந்து, “அக்கா!” என்று குரல் கேட்டது. அதே பெண்தான். மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கே வந்திருக்கிறாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். எழுந்து வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்களை எதிரில் உட்கார வைத்து, ஃபாரத்தை அவளே எழுதினாள். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி அதைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

“அந்தக் கிணத்துக் கேள்வி ஞாபகம் கீதா? நெசமா சொல்லு, நீ இன்னா போட்ட?”

அந்தப் பெண் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“நான் அதத் தொடவே இல்லக்கா. படிச்சேன், குழப்பமா இருந்துச்சு. விட்டுட்டேன்.”

“விட்டுட்டியா?” என் மனைவி சிரித்தாள். “நல்ல காரியம் பண்ண.”

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். எஸ்டேட்டில் ஷிப்ட் விட்ட நேரம், சைக்கிள்கள் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. பஸ் போன பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அத்தனை வருடத்தில் அந்தத் தேர்வுக்காக அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“பரீட்ச ஹாலுல எல்லாரும் புதுசு மாமா” என்றாள் விசும்பலுக்கு நடுவில். “எல்லாம் பேண்ட் போட்ட பசங்க. எனக்குக் கையெல்லாம் நடுங்கிக்கினு இருந்துச்சு. அந்தக் கேள்வியப் பாத்ததும் நம்ம ஊடு ஞாபகம் வந்துருச்சு. நீ தண்ணி ஊத்திக்கினு நிக்கற மாதிரியே இருந்துச்சு. நடுக்கம் போயிருச்சு. அதான் யோசிக்காம போட்டுட்டேன்.”

 என்னைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதே வார்த்தைதான் அவளை அழ வைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்று கூச்சமாகவும் இருந்தது. அவள் தோளைத் தொடலாமா என்று நினைத்தேன், தொடவில்லை. அடுத்த பஸ் வந்ததும் ஏறினோம். அவளுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நான் நின்றுகொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இன்று அவள் வானகரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் வருவாள். யாருக்கோ எழுதுவது போல ஆரம்பித்தாலும் இதைப் படிக்க வேண்டியவள் அவள்தான். வந்ததும் இதை அவள் கையில் கொடுத்துவிட்டு உறை நனைக்கப் போய்விடலாம் என்று இருக்கிறேன்.

28 பிப்ரவரி 1999, ஞாயிற்றுக்கிழமை.